‘அப்ரோவாத்’ என்றால் பாஸா, வேலையா? கத்தலான் அரசுத் தேர்வுச் சொற்களை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பாதலோனாவாசி
வெள்ளி, இரவு 10:40

வணக்கம். ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதி மொழியான கத்தலானிலும் ஸ்பானிஷிலும் உள்ள ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், வாடகை ஒப்பந்தம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்துவிடுவேன். இப்போது வந்திருப்பது ஓர் இசை ஆசிரியையின் பயோடேட்டாவும் இரண்டு பக்கக் கடிதமும். அயர்லாந்தில் ஒரு பள்ளிக்கு விண்ணப்பிக்கிறார். செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டும். கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் முகாமுக்குப் போயிருக்கிறார். திங்கள்தான் திரும்புவார்.

பயோடேட்டாவில் ‘ஒபோசிசியோன்ஸ் அப்ரோவாதெஸ்’ என்று இரண்டே சொல். ‘பாஸ்டு த சிவில் சர்வீஸ் எக்ஸாம்’ என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அங்கே ‘தற்போது இந்தெரினா, போர்சாவில் இருக்கிறேன்’ என்கிறார். தேர்வில் தேறியவர் ஏன் இன்னும் தற்காலிக ஆசிரியை? மொழிபெயர்ப்பு இயந்திரம் ஒன்றிடம் கேட்டேன், ‘நான் பங்குச் சந்தையில் இருக்கிறேன்’ என்றது.

கடிதம் அதைவிட மோசம். ‘முதல் தடவை என்னை சுஸ்பெந்த்ரே செய்தார்கள். முறையிட்டேன். திரிபுனால் என் பக்கம்தான் நியாயம் என்றது.’ சஸ்பெண்ட் ஆன ஆசிரியை கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார் என்று எழுதிக் கொடுத்தால் எந்தப் பள்ளி இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்? கடைசி வரி, ‘இன்னும் நான் எஸ்தபிலித்சாதா ஆகவில்லை.’ ஸ்டெபிலைஸ்டு! ஐசியூவிலிருந்து எழுதுகிற மாதிரி இருக்கிறது.

அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

சொல்தச்சன்
வெள்ளி, இரவு 11:55

முதலில் அந்த ‘சிவில் சர்வீஸ் எக்ஸாம்’ என்பதை அழித்துவிடுங்கள் அம்மா. ஸ்பெயினில் அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர்தான், அவருக்கென்று ஒரு ‘கோஸ்’, அதாவது பணித்தொகுதி உண்டு. அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ ஆசிரியரை யாரும் சிவில் சர்வன்ட் என்று சொல்வதில்லை. இவர் ஏதோ அமைச்சகத்தில் அதிகாரியாகப் போகப் பார்த்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘காம்பெடிடிவ் எக்ஸாமினேஷன்’ என்று போட்டு, பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கு என்று சேர்த்தால் போதும்.

ஒபோசிசியோ என்ற சொல்லே விசித்திரமானது. எதிர்க்கட்சிக்கும் அதே சொல். பழைய ஸ்பானியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் நாற்காலிக்குப் போட்டியிட்டவர்கள் எதிரெதிரே நின்று வாதம் செய்து ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். அந்த ‘எதிர்நிற்றல்’தான் பெயராக நின்றுவிட்டது. மாறிமாறி வாதிடுவதற்காகச் சேர்த்துவைத்த மூன்று பேருக்கு ‘திரிங்கா’ என்று ஒரு பெயர்கூட ஸ்பானிய அகராதியில் இருக்கிறது. இன்றைக்கு எதிரே நிற்பது எழுபது பாடத்தலைப்பும் ஒரு கடிகாரமும்தான்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அப்ரோவாத் ஒரு படி அல்ல, ஏணி. ஆசிரியர்களுக்கு வழக்கமாக நடப்பது கொன்குர்ஸ் ஒபோசிசியோ. ஒபோசிசியோ என்கிற தேர்வுக் கட்டத்தில் இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் பத்துக்கு ஐந்தாவது வாங்க வேண்டும், வாங்காவிட்டால் அங்கேயே வெளியே. அப்புறம் கொன்குர்ஸ்: பணி அனுபவம், கூடுதல் பட்டம், பயிற்சி இவற்றுக்குப் புள்ளி. 2007-ஆம் ஆண்டு விதிகளின்படி தேர்வுக்கு மூன்றில் இரண்டு பங்கு, தகுதிப் புள்ளிக்கு ஒரு பங்கு. இரண்டையும் கூட்டி வரிசைப்படுத்தி, எத்தனை இடமோ அத்தனை பேரோடு கோடு போட்டுவிடுவார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவருக்குப் பிளாசா, அதாவது பணியிடம். கீழே நிற்பவர் இரண்டு தாளிலும் ஐந்துக்கு மேல் வாங்கியிருந்தாலும் வெறுங்கைதான். அவருக்குப் பெயர் ‘அப்ரோவாத் சென்சே பிளாசா’: தேறியவர், இடமில்லாதவர்.

பிளாசா கிடைத்தவரும் உடனே நிரந்தரம் இல்லை. பயிற்சிக் காலம் ஒன்று இருக்கிறது, அதில் ‘ஆப்தா’, அதாவது தகுதியானவர் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் முழு அரசு ஊழியர். ஆக, உங்கள் ஆசிரியை எந்தப் படியில் நின்றுகொண்டு ‘அப்ரோவாதெஸ்’ என்கிறார்? அந்த இரண்டு சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

குரூப்4_பயணி
சனி, காலை 7:20

எனக்குக் கத்தலானில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் இந்த ‘தேறியவர், இடமில்லாதவர்’ கதை நன்றாகத் தெரியும். குரூப் 4-ல் 300-க்கு 90 எடுத்தால் குறைந்தபட்சத் தகுதி. எங்கள் தெருவில் 90 தாண்டாத ஆளே கிடையாது. வேலைக்குப் போனவர் ஒருத்தர். கல்யாண வீட்டில் ‘தம்பி பரீட்சை பாஸாமே’ என்று யாராவது கேட்டால் எங்கள் அம்மா ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

மொழிப்பூச்சி
சனி, காலை 9:05

தமிழிலும் ‘தேர்வு’ என்றால் பரீட்சை, ‘தேர்வானார்’ என்றால் பொறுக்கி எடுக்கப்பட்டார். நமக்கே அந்த மயக்கம் இருக்கிறது.

கத்தலானில் இன்னொரு பொறியும் உண்டு. அப்ரோவார் என்றால் தேறுவதும்தான், ஒப்புதல் தருவதும்தான். எழுவாயைச் சொல்லாமல் விட்டுவிடும் மொழி அது. வினைமுற்றில் படர்க்கைப் பன்மை என்பது மட்டும்தான் தெரியும். ‘அன் அப்ரோவாத் லெஸ் ஒபோசிசியோன்ஸ்’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், பிள்ளைகள் தேர்வில் தேறிவிட்டார்கள் என்றும் படிக்கலாம், தேர்வு நடத்த மேலே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்றும் படிக்கலாம். ஒன்றுக்கு இனிப்பு வாங்க வேண்டும், இன்னொன்றுக்குப் புத்தகம் வாங்க வேண்டும்.

சுஸ்பெந்த்ரேவும் அப்படியே. ‘எ சுஸ்பெஸ் லெஸ் ஒபோசிசியோன்ஸ்’ என்று ஒரு விண்ணப்பதாரர் சொன்னால் ஃபெயில் ஆகிவிட்டார். அதையே ஓர் அமைச்சர் சொன்னால் தேர்வை நிறுத்திவைத்திருக்கிறார். 2020 மார்ச்சில் ஸ்பெயின் நெருக்கடி நிலை அறிவித்து அரசு நடைமுறைக் கெடுக்களை எல்லாம் நிறுத்திவைத்தபோது தேர்வுகளும் நின்றன. அந்த மாதச் செய்தித் தலைப்புகளில் இருக்கிற சுஸ்பெந்த்ரே எதுவும் ஃபெயில் இல்லை.

பாதலோனாவாசி
சனி, காலை 9:50

அப்படியானால் கடிதத்தில் உள்ள ‘என்னை சுஸ்பெந்த்ரே செய்தார்கள்’ ஃபெயில்தானா, பணி இடைநீக்கமா? பணியில் இருக்கும் ஆசிரியைக்கு இரண்டுமே நடக்கலாமே.

மொழிப்பூச்சி
சனி, காலை 9:58

முன்னால் ‘முதல் தடவை’ இருக்கிறதே. இடைநீக்கத்தை யாரும் தடவைக் கணக்கில் எண்ண மாட்டார்கள். ஃபெயில்தான்.

ஸ்கார்பரோக்காரன்
சனி, மாலை 5:30

வணக்கம், கனடாவில் இருந்து. நான் பிரெஞ்சு–ஆங்கிலம் செய்கிறவன், கத்தலான் வாசித்தால் பாதி விளங்கும். போர்சாவுக்கு, அதாவது ஆள் தேவைப்படும்போது கூப்பிடும் பட்டியலுக்கு, எங்களிடம் கைவசம் ஒரு சொல் இருக்கிறது. கனடா மத்திய அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தகுதி பெற்றவர்களை ஒரு ‘பூல்’ இல் போடுவார்கள். வேலை வரும்போது அதிலிருந்து எடுப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதையே ‘ரிசர்வ் லிஸ்ட்’ என்கிறார்கள். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில்தானே இருக்கிறது? ‘ரிசர்வ் லிஸ்ட்’ என்று போட்டால் அவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

தெர்ராசா மருமகள்
சனி, இரவு 9:15

ஸ்கார்பரோ அண்ணா, அங்கேதான் வழுக்கும். பூல், ரிசர்வ் லிஸ்ட் என்றால் ஏதோ ஒரு தேர்வில் தேறியவர் என்று அர்த்தம் வந்துவிடுகிறது. இங்கே ஆசிரியர் போர்சாவில் சேர ஒபோசிசியோ எழுதியிருக்கவே வேண்டாம். பட்டம், மொழிச் சான்று எல்லாம் சரியாக இருந்து, பதிவு திறக்கும்போது பதிந்தால் போதும். யாராவது ஆசிரியர் லீவு போட்டால் வரிசைப்படி கூப்பிடுவார்கள். தேர்வு எழுதி இடம் கிடைக்காதவர்களை வைத்து உருவாக்கும் போர்சாவும் வேறு துறைகளில் இருக்கிறது. சொல் ஒன்று, சரக்கு இரண்டு. ஆசிரியருக்கு என்றால் ‘சப்ஸ்டிட்யூட் டீச்சர்ஸ் லிஸ்ட்’ மாதிரி ஏதாவது வைப்பதுதான் பத்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை, அடிபட்டவள். கல்யாணமாகித் தெர்ராசா வந்து, கத்தலான் படித்து, துணை எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். அப்போதுதான் சி1 குழப்பம் தெரிந்தது. இங்கே அரசுப் பணியில் சி1 என்றால் எழுத்தர் பிரிவு, சி2 என்றால் அதற்குக் கீழே துணை எழுத்தர். மொழிச் சான்றில் தலைகீழ், சி2-தான் சி1-ஐ விட மேலே. சி2 வேலைக்கு சி1 கத்தலான் கேட்டார்கள். ‘எனக்கு சி1 இருக்கிறது’ என்று மாமியாரிடம் சொன்னேன். எழுத்தர் வேலையே கிடைத்துவிட்டதாக நினைத்து அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்த ‘கிரிதா ஊனிகா’. அறிவிப்பில் எல்லாரையும் ‘ஒரே அழைப்பில்’ கூப்பிடுவதாகப் போட்டிருந்தது. போன் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன், சிரிக்காதீர்கள். அர்த்தம் என்னவென்றால் வாசலில் பெயரை ஒரு தடவைதான் வாசிப்பார்கள், அந்த நேரத்தில் அங்கே நிற்காதவர் போச்சு. தேர்வு நாளன்று ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. ஸ்டேஷனிலிருந்து பல்கலைக்கழகக் கட்டடம்வரை ஓடினேன். கதவுக்குப் பக்கத்தில் பட்டியலோடு ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை. என் அடையாள எண்ணைக் கேட்டார், பட்டியலில் விரலை ஓட்டினார், விரல் ஒரு வரியில் நின்றது. ‘உங்கள் பெயர் எழுத்தை வாசித்து முடித்துவிட்டோம்’ என்றார். கண்ணாடிக் கதவு வழியாக மேஜைகள் தெரிந்தன, ஒவ்வொரு மேஜையின் மூலையிலும் அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில். என் மேஜை எது என்றுகூடத் தெரிந்தது, அது ஒன்றுதான் காலி.

மூன்று வாரம் கழித்து முடிவுப் பட்டியல் வந்தது. என் எண்ணுக்கு நேரே ‘நோ பிரெசெந்தாதா’. விண்ணப்பம் ‘பிரெசெந்தார்’ செய்தவள்தான் நான். பணமும் கட்டியிருந்தேன். ஆனால் பிரெசெந்தார்சே என்றால் நேரில் போய் உட்கார்ந்து எழுதுவது. ஆகவே யாராவது ‘இரண்டு தடவை பிரெசெந்தார்சே செய்தேன்’ என்று எழுதியிருந்தால் ‘அப்ளைடு’ என்று மாற்றாதீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிறது.

குரூப்4_பயணி
சனி, இரவு 9:40

அக்கா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. அடுத்த தடவை எழுதினீர்களா?

தெர்ராசா மருமகள்
சனி, இரவு 9:47

எழுதினேன். அப்ரோவாதா, சென்சே பிளாசா. இப்போது போர்சாவில் இருக்கிறேன். பங்குச் சந்தை இல்லை :)

சொல்தச்சன்
ஞாயிறு, காலை 6:30

மருமகள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போர்சா பற்றி நானும் இதுவரை ‘ரிசர்வ் லிஸ்ட்’ என்றே போட்டுக்கொண்டிருந்தேன், இனி யோசிக்க வேண்டும்.

திரிபுனாலுக்கு வருவோம். தேர்வுச் சூழலில் இந்தச் சொல் தாள் திருத்தும் குழு. ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களும் பெரும்பாலும் ஆசிரியர்களே. ‘செலக்‌ஷன் போர்டு’ என்று தாராளமாக எழுதலாம். சிக்கல் எங்கே என்றால் ‘முறையிட்டேன்’ என்கிறாரே, அங்கே. மூன்று வழி உண்டு. பட்டியல் வந்த சில நாளில் அதே குழுவிடம் ‘அல்லெகாசியோ’ கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். ஒரு மாதத்துக்குள் மேலதிகாரிக்கு ‘ரெகுர்ஸ் தல்சாதா’ போடலாம். அந்தக் குழு எந்த அமைப்பின் கீழ் இருக்கிறதோ அதனிடம், அப்படி எதுவும் இல்லையென்றால் குழுத் தலைவரை நியமித்தவரிடம் அது போகும் என்று 2015-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதற்கும் அப்பால் நிஜமான நீதிமன்றம். முதல் வழியிலும் திரிபுனால், கடைசி வழியிலும் திரிபுனால். ‘திரிபுனால் என் பக்கம் நியாயம் என்றது’ என்ற வரியில் ஒருவர் கறுப்பு அங்கி போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம்.

எஸ்தபிலித்சாதா பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெயினில் தற்காலிக ஊழியர்கள் பத்துப் பதினைந்து வருடம் அப்படியே ஓட்டினார்கள். 2021 டிசம்பர் 28 தேதியிட்ட 20/2021 சட்டம் வந்து, தற்காலிகப் பணி விகிதம் 8 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2016-க்கு முன்பிருந்தே தொடர்ந்து தற்காலிகமாக நிரப்பி வைத்திருந்த இடங்களுக்குத் தேர்வே இல்லாமல் தகுதிப் புள்ளியை மட்டும் பார்த்து ஆள் எடுத்தார்கள். அந்த ஏற்பாட்டின் பெயர் எஸ்தபிலித்சாசியோ. நிலைப்படுத்தப்படுவது இடம். ஆனால் பேச்சில் ஆளே நிலைப்பட்டுவிடுகிறார். ‘மேட் பெர்மனென்ட்’ என்று எழுதுங்கள், ஐசியூ வாடை போய்விடும்.

ஸ்கார்பரோக்காரன்
ஞாயிறு, மாலை 6:10

நல்ல விளக்கம். ஆனால் ஒரு கேள்வி, ஐயா. மூலத்தில் மயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பிலும் மயக்கம் இருக்கட்டும் என்பதுதானே எங்களுக்குப் படிப்பித்தது? நாங்கள் ஏன் துப்பறிய வேண்டும்? ‘பாஸ்டு’ என்று போட்டுவிட்டுப் போகலாமே. மூலமும் அதைத்தானே சொல்லுது.

சொல்தச்சன்
ஞாயிறு, இரவு 8:25

கத்தலானில் அதைப் படிக்கிறவருக்கு மயக்கம் இல்லையே. ‘அப்ரோவாதெஸ், ஆனால் இந்தெரினா’ என்று பார்த்த அடுத்த விநாடி ‘ஓ, பிளாசா கிடைக்கவில்லை’ என்று புரிந்துகொள்வார். அந்த ஏணி அவர் தலையிலேயே இருக்கிறது. ஐரிஷ்காரர் தலையில் இல்லை. ‘பாஸ்டு’ என்ற சொல் தெருவில் நிற்கும்போது ஒன்று, அரசிதழில் நிற்கும்போது வேறு. ஸ்பெயினின் அரசு ஊழியர் அடிப்படைச் சட்டம் 61-ஆம் பிரிவு எட்டாம் உட்பிரிவைப் பாருங்கள்: அறிவிப்பே இடம் கொடுத்தால் தவிர, அறிவித்த இடங்களைவிட அதிகமான ‘அப்ரோவாத்’களைத் தேர்வுக் குழு நியமனத்துக்கு முன்மொழியக் கூடாது. ஆக, அரசிதழின் ‘தேறியவர் பட்டியல்’ என்பது வேலை கிடைத்தவர் பட்டியல். வாயால் சொல்கிற ‘தேறினேன்’ அப்படி இல்லை. யார் பேசுகிறார் என்று பார்த்துத்தான் சொல்லைப் பொறுக்க வேண்டும்.

ஸ்கார்பரோக்காரன்
ஞாயிறு, இரவு 8:50

சரி, விளங்குது. ஆனால் அவர் பேசுகிறாரா, அரசிதழ் பேசுகிறதா என்பதை அவரிடமே கேட்டால்தானே தெரியும்.

பாதலோனாவாசி
திங்கள், இரவு 9:30

ஆசிரியை திரும்பி வந்துவிட்டார், ஒரு மணி நேரம் பேசினோம்.

முதல் தடவை இரண்டாம் தாளில் 4.8. ஃபெயில். குழுவிடமே அல்லெகாசியோ கொடுத்தார். கூட்டலில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது, 5.1 ஆனது. ஆகவே திரிபுனால் கோர்ட் இல்லை, அதே குழுதான், கறுப்பு அங்கி யாரும் போடவில்லை. இரண்டு தாளும் தேறியும் அனுபவப் புள்ளி அப்போது குறைவு, கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டார். சொல்தச்சன் ஐயா போட்ட ஏணி அப்படியே பொருந்தியது. போர்சாவில் தேர்வுக்கு முன்பே பதிந்திருக்கிறார், மருமகள் சொன்னது போலவே தேர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் புதுச் சிக்கல். ‘இரண்டு தாளிலும் தேறினார், பணியிடம் ஒதுக்கப்படவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியதைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. ‘நான் கத்தலானில் இரண்டு சொல் எழுதினால் நீங்கள் ஏன் ஒரு தோல்வியைச் சேர்க்கிறீர்கள்?’ என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாக. எனக்கும் பதில் வரவில்லை.

தெர்ராசா மருமகள்
திங்கள், இரவு 10:05

அவர் கேட்டது நியாயம். என் பயோடேட்டாவிலும் ‘சென்சே பிளாசா’ என்று நான் எழுதுவதில்லை. பொய்யும் இல்லை. அடுத்த வரியைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

ஸ்கார்பரோக்காரன்
திங்கள், இரவு 10:20

நேற்று மயக்கத்தை விடுங்கோ என்று சொன்ன நானே இன்று மற்றப் பக்கம் நிற்கிறேன். வெறும் ‘பாஸ்டு’ என்று விட்டால் பள்ளிக்காரர் நிரந்தர ஆசிரியை என்று நினைக்க இடம் இருக்கு. பிறகு ஸ்பெயினில் விசாரித்தால் அவவுக்குத்தான் பிரச்சினை.

சொல்தச்சன்
திங்கள், இரவு 11:10

அவர் எழுதாததை நீங்களும் எழுத வேண்டாம். அவர் எழுதியதைத் துல்லியமாக எழுதுங்கள். தேறியது எது? இரண்டு தாள். அதைச் சொல்லுங்கள். ‘தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்ற நிழல் விழும் சொல் எதையும் தொடாதீர்கள். அடுத்த வரியில் இந்தெரினாவுக்கு ‘இன்டரிம்’ போட்டால் ஏதோ பெரிய பதவியைத் தற்காலிகமாகப் பார்ப்பவர் மாதிரி ஆகிவிடும், அதனால் ‘டெம்பரரி டீச்சர்’. இரண்டு வரியும் சேர்ந்து கத்தலானில் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு சொல்லும்.

பாதலோனாவாசி
செவ்வாய், காலை 8:15

அனுப்பிவிட்டேன். ‘பாஸ்டு போத் பேப்பர்ஸ் ஆஃப் த காம்பெடிடிவ் எக்ஸாமினேஷன் ஃபார் ஸ்டேட் ஸ்கூல் டீச்சர்ஸ்.’ அடுத்த வரி டெம்பரரி டீச்சர். கடிதத்தில் ‘செலக்‌ஷன் போர்டு என் மதிப்பெண்ணைத் திருத்தியது’ என்று வைத்தேன், அதைப் பார்த்து ஆசிரியைக்குச் சந்தோஷம். ‘போத்’ என்ற சொல் எதற்கு என்று கேட்டார். இரண்டாம் தாளுக்காக நீங்கள் சண்டை போட்டீர்களே, அதற்குத்தான் என்றேன். சிரித்துவிட்டு, ‘அதை எடுக்காதீர்கள்’ என்றார்.

குரூப்4_பயணி
செவ்வாய், காலை 8:40

அக்கா, அந்த 5.1-ஐயும் போட்டிருக்கலாம்.